முதலில் ஃபானை நிப்பாட்டுங்கோ

"நல்ல மைக் ஒண்டு வரட்டும், பிறகு பதிவம்." பதினொரு மாதமாக நாங்கள் சொல்லிக்கொண்டு திரிந்த வசனம் இது. இந்தக் கட்டுரையில் கொஞ்சம் ஏச்சு வரும். அதில் முதல் பங்கை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

எங்களிடம் ஒரு கிற்றார் இருந்தது. ஆறு பாட்டு இருந்தது. ஆறும் எங்களோடு படிக்கும் ஓர் அக்கா எழுதி மெட்டுப் போட்டவை, பாடுறதும் அவாதான். திருநெல்வேலியில் வாடகைக்கு எடுத்த அறை ஒன்றும் இருந்தது. மைக் மட்டும் இல்லை. மகாபொலக் காசில் ஆளுக்குக் கொஞ்சம் எண்டு சேர்க்கத் தொடங்கினோம். சேரும்வரை யூரியூப்பில் மைக் விமர்சனங்களை இரவிரவாகப் பார்த்தோம், எது திறம் எண்டு பட்டிமன்றம் வைத்தோம். அவ்வளவு காலமும் பாட்டுகள் வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகக் கிடந்தன. பிறகு அக்காவின் போன் பழுதாகியது. எங்கட போன்களில் மிஞ்சியதைத் தேடிப் பொறுக்கினால் நாலு பாட்டு முழுசாக வந்தது. ஐந்தாவதில் பல்லவி மட்டும். ஆறாவதைத் தட்டினால் கோப்பு இல்லை எண்டு காட்டுது. மெட்டு அவாவுக்கே சரியாக ஞாபகமில்லை. "ஏதோ ஹம்மிங்காத் தொடங்கும்" எண்டு சொல்லிச் சிரிக்கிறா. எங்களுக்குச் சிரிப்பு வரேல்லை.

அந்தப் பாட்டு தொலைந்ததுக்கு மைக் இல்லாதது காரணமில்லை. சட்டைப் பொக்கற்றில் இருந்த போனிலேயே ஒழுங்காகப் பதிந்து, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கலாம். நாங்கள் செய்யேல்லை. போனில் பதிவது "உண்மையான" பதிவு இல்லை எண்டு நம்பியிருந்தோம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்கட கோபம்.

மைக் விமர்சனம் செய்கிறவர் எங்கிருந்து கதைக்கிறார் எண்டு ஒருக்கால் பாருங்கோ. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை, நிலத்தில் கம்பளம், ஏசி ஓடுதோ இல்லையோ சத்தமே வராது. அந்த அறையில் ஐந்து மைக்கை வரிசையாக வைத்துப் பாடிக் காட்டினால் வித்தியாசம் கேட்கத்தான் செய்யும். எங்கட அறை எது? சீமெந்துச் சுவர், டைல்ஸ் நிலம், கட்டில், மேசை, தலைக்கு மேலே ஃபான். கைதட்டினால் சுவர்கள் திருப்பித் தட்டும். அந்த ஐந்து மைக்கையும் இங்கே கொண்டுவந்து வைத்தால் ஐந்திலும் முதலில் கேட்பது அறைதான்.

இதைக் கணக்காகவே சொல்லலாம். ஒவ்வொரு கொண்டென்சர் மைக்குக்கும் சுயமாக ஒரு இரைச்சல் உண்டு. தொடக்ககாரர்கள் அதிகம் வாங்கும் ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020க்கு அது 20 டெசிபெல். அதைவிட விலையான ரோட் என்டி1-ஏக்கு 5 டெசிபெல். பெரிய வித்தியாசம், விமர்சனங்களில் இதை வைத்தே ஒரு பாகம் ஓடும். ஆனால் நள்ளிரவில் ஃபானை நிப்பாட்டி யன்னலைச் சாத்தினாலும் ஒரு சாதாரண அறை 30 டெசிபெலுக்குக் கிட்ட இருக்கும். ஃபான் சுழன்றால் 40ஐத் தாண்டும். அந்த இரைச்சலுக்குள் 20 என்ன, 5 என்ன? நாங்கள் கூடக் குடுக்க இருந்த காசு எங்களால் கேட்கவே முடியாத ஒன்றுக்கு.

பெட்டியில் எழுதியிருக்கும் "192 கிலோஹேர்ட்ஸ்" கதையும் இப்படித்தான். மனிதக் காதுக்குக் கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹேர்ட்ஸ் வரை. அதைப் பிடிக்க 44.1 போதும், இசைத் தட்டுகள் எல்லாம் அதில்தான் வந்தன. 24 பிற் இருந்தால் நல்லது, சத்தத்தைக் கொஞ்சம் அடக்கிப் பதியலாம், உச்சத்தில் கிழியாது. 16 பிற்றிலேயே 96 டெசிபெல் இடைவெளி உண்டு. எங்கட அறையின் இரைச்சலுக்கும் அக்காவின் உரத்த குரலுக்கும் நடுவில் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட இருந்தால் பெரிய காரியம்.

இனி நாங்கள் செய்த முட்டாள்தனம். ஒன்பதாவது மாதம் பொறுமை போய், இணையத்தில் ஒரு "முழு ஸ்ரூடியோ" பொதியை வாங்கினோம். பெயரும் கடையும் வேண்டாம். மைக், தாங்கி, வலை, வண்ண விளக்கு எரியும் ஒரு சின்னச் சவுண்ட் காட். அதில் கைதட்டல் சத்தம் போட ஒரு பொத்தான், சிரிப்புக்கு ஒரு பொத்தான். கிற்றார் பதிய அது எதுக்கு எண்டு அப்பவே யோசித்திருக்க வேணும். கொண்டென்சர் மைக் ஒழுங்காக வேலை செய்ய 48 வோல்ற் மின்சாரம் கேபிள் வழியாகப் போக வேணும். இந்தப் பொதியில் மைக் போனுக்குச் செருகுகிற மாதிரி ஒரு சின்ன ஜக்கில் முடிந்தது. கிடைத்த சொட்டு மின்சாரத்தில் அது மூச்சுவிட்டதே பெரிய விசயம். பதிவைக் கேட்டால் மழை பெய்கிற மாதிரி இரைச்சல், அதுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு பாட்டு. அடுத்த இரண்டு மாதமும் அதைத் திருத்தப் பார்த்தே போனது. கைதட்டல் பொத்தான் மட்டும் நல்லா வேலை செய்தது.

"ஏன் இந்தக் கரைச்சல், ஸ்ரூடியோவுக்குப் போங்கோவன்" என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கு. ஸ்ரூடியோ மணிக்கணக்குக்குக் காசு. நேரம் கிடைப்பதோ அநேகமாகக் கலியாண வேலை, விளம்பர வேலை எல்லாம் முடிந்த பின்னேரத்துக்குப் பிறகு. ஒரு பெண்பிள்ளை இரவு எட்டு மணிக்கு மூடின கதவுக்குள் முன்பின் தெரியாத இரண்டு ஆம்பிளைகளோடு இருந்து பாட வேணும், ஒன்பதரைக்கு வீடு திரும்ப வேணும். அக்கா ஒருக்கால் போனவா. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் இனிமையாப் பாடுங்கோ" எண்டு ஆறு தரம் சொன்னார்களாம். அந்தப் பாட்டில் இனிமைக்கு இடமே இல்லை, அது இடம்பெயர்ந்த ஒரு வீட்டின் கிணற்றைப் பற்றியது. அதுக்குப் பிறகு அவா போகேல்லை. வீட்டு ஒலிப்பதிவைச் சிலர் பொழுதுபோக்கு எண்டு நினைக்கினம். எங்கட ஆக்களில் பாதிப்பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தன் பாட்டைத் தான் நினைத்தபடி பாட இருக்கிற ஒரே அறை அதுதான். அந்த அறைக்கு வாசலில் "முதலில் இந்த மைக்கை வாங்கு" எண்டு கட்டணச் சீட்டு ஒட்டினால் எங்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஷூர் எஸ்எம்58 ஏறத்தாழ 100 டொலர். 2022 தொடக்கத்தில் அது 20,000 ரூபாய், அதே ஆண்டு மே மாதத்தில் 36,000. மைக் மாறவில்லை, ரூபாய்தான் விழுந்தது. அதுக்கு மேலே இறக்குமதி வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரி. கனடாவில் மாமா இருக்கிறவனுக்குப் பொதி வரும். மாமா இல்லாதவன் காத்திருப்பான்.

சரி, அப்ப என்னதான் வாங்குறது? ஒன்றும் வாங்காதீங்கோ எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. "போன் போதும் மச்சான்" என்கிற வீரவசனமும் எங்களுக்குப் பிடிக்காது. போன் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும், மெல்லப் பாடினால் தானாகக் கூட்டும், உரத்துப் பாடினால் தானாகக் குறைக்கும், பாட்டின் ஏற்ற இறக்கத்தைச் சப்பையாக்கிவிடும். ஆனால் இன்றைக்கு இரவு பதிய அதுதான் இருக்கு எண்டால் அதில் பதியுங்கோ. வட்ஸ்அப் குரல் செய்தியாக வேண்டாம், அது நன்றாக நெருக்கிச் சுருக்கிவிடும். வேவ் கோப்பாகப் பதிகிற ஒரு இலவசச் செயலியில் பதியுங்கோ. போனை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, நெஞ்சு உயரத்தில், புத்தக அடுக்கின் மேலே வையுங்கோ. அதுவும் போகட்டும், முதலில் ஃபானை நிப்பாட்டுங்கோ. வேர்க்கும். ஒரு பாட்டு நாலு நிமிசம்தானே. "பிறகு மென்பொருளில் இரைச்சலை எடுக்கலாம்" எண்டு சொல்வினம். எடுக்கலாம், கிற்றாரின் கடைசி அதிர்வும் அதோடு சேர்ந்து போகும், குரல் தண்ணிக்குள்ளால் வருகிற மாதிரி இருக்கும். நாங்கள் செய்து பார்த்த கேவலம் அது.

அறைக்கு ஒரு சதமும் செலவில்லை. அலுமாரியைத் திறந்து, உடுப்புத் தொங்குகிற பக்கம் பார்த்துப் பாடுங்கோ. முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கோ. தடிச்ச போர்வை இரண்டை உடுப்புக் கொடியில் போடுங்கோ. அறையின் நட்ட நடுவிலும் மூலையிலும் இருக்காதீங்கோ. முட்டை மட்டை ஒட்டுற வேலை வேண்டாம், அது வெளிச் சத்தத்தையும் நிப்பாட்டாது, உள் எதிரொலியையும் பெரிதாகக் குடிக்காது, கரப்பான் பூச்சிதான் வரும். நேரம் இரவு ஒரு மணிக்குப் பிறகு. பகலில் பதிந்தால் கோயில் லவுட்ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு மோட்டர், பேத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வரும் பாண் ஓட்டோ எல்லாம் உங்கட பாட்டில் பங்கு கேட்கும். எங்கட ஒரு நல்ல பதிவில் பல்லி சொல்லியிருக்கு. அழிக்கப் போனால் நண்பனின் அம்மா விடேல்லை, நல்ல சகுனமாம்.

காசு செலவழிக்கிறதெண்டால் முதற் செலவு கிற்றார்க் கம்பி. கடற்காற்றும் கைவேர்வையும் சேர்ந்து எங்கட ஊரில் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும். ஆறு மாதப் பழங்கம்பியை எந்த மைக்கில் பதிந்தாலும் மரப்பெட்டியைத் தட்டுகிற மாதிரித்தான் இருக்கும். இரண்டாவது, காதை முழுசாக மூடுகிற ஒரு ஹெட்போன். திறந்த ஹெட்போனிலும் மலிவு இயர்போனிலும் தாளத்துக்காகப் போடும் "டிக் டிக்" வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும்.

மூன்றாவதாகத்தான் மைக். எங்கட அறைக்கும் எங்கட காசுக்கும் நாங்கள் இப்போது சொல்வது, யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் இரண்டும் உள்ள டைனமிக் மைக் ஒன்று. சாம்சன் கியூ2யூ அப்படிப்பட்டது, ஓடியோ-டெக்னிக்காவின் ஏடிஆர்2100எக்ஸும் அப்படித்தான். இன்றைக்கு நேரே லப்டொப்பில் செருகலாம். மைக்கிலேயே ஹெட்போன் ஓட்டை இருப்பதால் தன் குரலைத் தாமதமில்லாமல் கேட்டுக்கொண்டு பாடலாம். பிறகு காசு வந்து இன்ரர்பேஸ் வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் கேபிளில் கொழுவலாம், எறியத் தேவையில்லை. குரலுக்கு இது தாராளம். கிற்றாரில், விரலால் மெல்ல மீட்டுகிற இடங்களில், கொண்டென்சர் தருகிற அந்த மினுக்கம் இதில் வராது. அதை மறைக்க மாட்டோம். மினுக்கம் குறைந்த பாட்டு ஒன்றும், பதியப்படாத பாட்டு ஒன்றும் இருந்தால் எங்களுக்கு முதலாவது வேணும், அவ்வளவுதான்.

இன்னொரு கட்டுக்கதையும் உண்டு: டைனமிக் மைக்குக்கு அறைச் சத்தம் கேட்காது, கொண்டென்சருக்கு எல்லாம் கேட்கும் எண்டு. பாதிப் பொய். டைனமிக்கை வாய்க்குக் கிட்ட வைத்துப் பாடுகிறோம், அதுதான் காரணம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடும், அறைச் சத்தம் இருந்தபடியே இருக்கும். 40 சென்ரிமீற்றரிலிருந்து 10க்கு வந்தால் 12 டெசிபெல் இலாபம். இந்த இலாபத்தைத் தரக்கூடிய எந்தப் பெட்டியும் எங்கட காசுக்குக் கடையில் இல்லை. ரொம்பக் கிட்டப் போனால் குரலில் அடித்தொனி தடிக்கும். "ப", "ப்ப" வருகிற இடத்தில் காற்று அடிக்கும், மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி அதைத் தாண்டிப் பாடுங்கோ. கிற்றாருக்கு வைக்கும்போது வயிற்று ஓட்டைக்கு நேரே நீட்டாதீங்கோ, குமுகுமு எண்டு இரையும். கழுத்தும் உடலும் சேருகிற பக்கம், 12ஆவது ஃபிரெற்றைப் பார்த்து, ஒரு சாண் தூரம்.

இன்ரர்பேஸ் வாங்கும் நாள் வந்தால் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கோ: மைக் செருகும் ஓட்டை எத்தனை? பெஹ்ரிங்கர் யூஎம்2, போக்கஸ்ரைற் ஸ்கார்லெற் சோலோ இரண்டிலும் மைக்குக்கு ஒரு வழிதான். குரலையும் கிற்றாரையும் ஒரே நேரத்தில் இரண்டு மைக்கில் பிடிக்க அதால் ஏலாது. பலர் வாங்கின பிறகுதான் காண்கினம். நாங்கள் ஒற்றை வழியே போதும் என்கிற கட்சி. கிற்றாரை முதலில் பதி, பிறகு அதைக் கேட்டுக்கொண்டு பாடு. இல்லை, சேர்த்துப் பாடினால்தான் பாட்டு உயிரோடு வரும் எண்டால் ஒரே மைக்கை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, குரல் கூடினால் கீழே, கிற்றார் கூடினால் மேலே எண்டு நகர்த்திச் சமன் பண்ணு. இரண்டு மைக் வைத்தால் ஒரு குரல் இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் விழுந்து ஒன்றையொன்று தின்னும், அதைத் தீர்க்கத் தனிப் பழக்கம் வேணும்.

பதியும்போது லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கோ. எர்த் ஒழுங்கில்லாத பழைய வீடுகளில் அந்த "ம்ம்ம்" இரைச்சல் பெரும்பாலும் அதாலைதான். (எங்கட லப்டொப் பற்றரி இருபது நிமிசம்தான் தாங்கும். ஆக மூன்று தடவைக்குள் பாடி முடிக்க வேண்டியிருந்தது, அது நல்லதாப் போச்சு.) மென்பொருளுக்கு ஒடாசிற்றி இலவசம். றீப்பரை 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், பிறகு தனியாளுக்கான உரிமம் 60 டொலர். உடைத்த மென்பொருளை இறக்கி, வைரஸ் ஏறி, பட்டப்படிப்பு ஆய்வுக் கட்டுரையையும் சேர்த்துத் தொலைத்த ஒருவர் எங்கட அறையிலேயே இருக்கிறார்.

வீட்டுப் பதிவு எண்டாலே எல்லாரும் இழுக்கும் உதாரணம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன். 1982 ஜனவரியில் நியூ ஜேர்சி வீட்டில், ரியாக் 144 என்ற நாலு தடக் கசெற் இயந்திரத்தில், இரண்டு எஸ்எம்57 மைக் வைத்து அவர் பதிந்தவை வெறும் மாதிரிப் பதிவுகள். பிறகு தன் முழு இசைக்குழுவோடு ஸ்ரூடியோவில் அதே பாட்டுகளைச் செய்து பார்த்தார்கள், சரிவரேல்லை. கடைசியில் அந்தக் கசெற்றே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாக அந்த ஆண்டு செப்ரெம்பரில் வந்தது. நல்ல கதைதான். ஆனால் அதைச் சொல்லி எங்களை உசுப்பேத்துகிறவர்கள் இரண்டு விசயத்தை விட்டுவிடுகினம். அவர் அப்போதே நட்சத்திரம், பின்னால் கொலம்பியா நிறுவனம் இருந்தது. அந்தக் கசெற்றிலிருந்து தட்டு வெட்டத் தேர்ந்த பொறியியலாளர்களே திண்டாடினார்கள். எங்களுக்குக் கொலம்பியாவும் இல்லை, பொறியியலாளரும் இல்லை. ஆகவே "எளிமையாகப் பதிந்தால் உலகம் கேட்கும்" என்ற ஆசைவார்த்தையை நாங்கள் உங்களுக்குச் சொல்லமாட்டம். அறுபது பேர் கேட்கலாம். அதில் இருபது பேர் சொந்தக்காரர்.

ஆனாலும் அந்தக் கதையில் நாங்கள் பிடித்துக்கொள்கிற ஒரு துண்டு இருக்கு. அவர் பதிந்தது மறந்துபோகாமல் இருக்க, குழுவுக்குப் போட்டுக் காட்ட. அந்த அளவு நோக்கம் எங்களுக்கும் இருந்திருந்தால் ஆறாவது பாட்டு இன்றைக்கு இருந்திருக்கும். எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய காலத்திலும் கிற்றாரோடு தமிழில் பாடினவர்கள் இந்த ஊர்களில் இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். தட்டாக வந்தது மட்டும்தான் எங்கட காதுக்கு வந்திருக்கு. மற்றவர்களின் பாட்டு அவரவர் வீட்டு விறாந்தையோடு போயிற்று. அவர்களிடம் போன் இருக்கேல்லை. எங்களிடம் ஆளுக்கொன்று இருந்தது.

அக்காவுக்கு இது இறுதி வருடம். சோதனை முடிய ஊருக்குப் போயிடுவா. போன சனிக்கிழமை இரவு ஒன்றரைக்குத் தொடங்கி இரண்டு பாட்டுப் பதிந்தோம், கிணற்றுப் பாட்டும் அதில் ஒன்று. இரவல் வாங்கின டைனமிக் மைக், புதுக் கம்பி, திறந்த அலுமாரி, நாலு பேருக்கும் வேர்த்து ஊத்தினது. இரண்டாவது தடவையில் குரல் ஓரிடத்தில் உடையுது, அதை அப்படியே விட்டிருக்கிறோம். இன்னும் மூன்று பாட்டு மிச்சம். ஆறாவதுக்கு ஹம்மிங்கை மட்டும் பதிந்து வைத்திருக்கிறா, மிச்சம் வந்தால் வரட்டும் எண்டு.

அந்தக் கைதட்டல் பெட்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கு, ஆருக்கும் வேணுமெண்டால் சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கோ. மைக்கைத் திருப்பிக் குடுத்த பிறகு எங்களுக்கெண்டு ஒன்று வாங்கப் போறம். அதை இரவல் கேட்டால் தருவம். கேபிளை மறக்காமல் கொண்டுவந்து தர வேணும்.